ட்விஸ்டட் ரியாக்டரும் பல ப்ராசஸ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தானில் ட்விஸ்டட் என்ற நெட்வொர்க் நூலகம் கொண்டு சர்வர் எழுதுபவர்கள் ஒரு கட்டத்தில் ஒரு கோரைத் தாண்டி வேலையைப் பரப்ப வேண்டியிருக்கும். அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ரியாக்டர் என்பது ட்விஸ்டட்டின் மையச் சுழற்சி: எந்த இணைப்பில் என்ன நடந்தது என்று பார்த்து, அதற்கான ஃபங்ஷனை (கால்பேக்) அழைப்பது அதுதான். லினக்ஸை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். வேறு சிஸ்டங்களில் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். பைத்தானோடே வரும் இதுபோன்ற நூலகமான அசிங்க்-ஐஓ பயன்படுத்துபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

ஒரே ரியாக்டர் ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்குமே, பல ப்ராசஸ் எதற்கு?

இணைப்புகள் பெரும்பாலும் சும்மா காத்துக் கிடப்பவை என்றால் தேவையே இல்லை. ஒரு ப்ராசஸே போதும், அதுவே நல்லது. சிக்கல் வருவது கணக்குப் போடும் வேலையில். ஒரு கால்பேக் 200 மில்லிசெகண்ட் சிபியுவைப் பிடித்துக்கொண்டால், அந்த 200 மில்லிசெகண்டும் மற்ற எல்லா இணைப்புகளும் நின்றுவிடும். டைமர்கள் தள்ளிப்போகும், டிஎல்எஸ் கைகுலுக்கல்கள் காத்திருக்கும், எதிர்முனையில் டைம்அவுட் ஆகும்.

இதில் இரண்டு வேறு தேவைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, படம் சுருக்குவது, பெரிய ஜேசானைப் பிரிப்பது போன்ற கனமான வேலையை ரியாக்டருக்கு வெளியே தள்ளுவது. மற்றது, இணைப்புகளையே பல கோர்களுக்குப் பங்கிடுவது. முதலாவதற்கு ஒரு முதன்மை ரியாக்டரும் அதன் கீழே சில வேலையாள் ப்ராசஸ்களும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரே போர்ட்டில் கேட்கும் சம அந்தஸ்துள்ள பல ப்ராசஸ்கள் வேண்டும். உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அமைப்பு, செய்தி அனுப்பும் முறை, நிறுத்தும் முறை மூன்றுமே இதைப் பொறுத்து மாறும்.

டிஃபர்-டு-த்ரெட் போதாதா?

பல நேரங்களில் போதும். அது ஒரு ஃபங்ஷனை ரியாக்டருக்கு வெளியே தனி த்ரெட்டில் ஓட்டும். டிஸ்கிலிருந்து படிப்பது, பிளாக் ஆகும் ஒரு டேட்டாபேஸ் நூலகத்தை அழைப்பது போன்றவற்றுக்கு அதுதான் சரியான கருவி. ஆனால் தூய பைத்தான் கணக்கு என்றால் ஜிஐஎல் பூட்டு ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடும். வேலை த்ரெட்டுக்குப் போனாலும் ரியாக்டரின் மூச்சு திணறும். சில சி நீட்சிகள் பூட்டை விட்டுவிட்டு வேலை செய்யும். ஸெட்லிப் சுருக்கும்போது அப்படித்தான். ஹாஷ்லிப்பும் 2047 பைட்டுக்கு மேற்பட்ட தரவுக்கு அப்படியே. அத்தகைய வேலைக்கு த்ரெட் உண்மையிலேயே பலன் தரும்.

ஜிஐஎல் இல்லாத பைத்தான் பதிப்பு 3.13இல் சோதனை நிலையில் வந்து, 3.14இல் அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது. ஆனால் ட்விஸ்டட்டின் ரியாக்டர் அழைப்புகள் த்ரெட்-பாதுகாப்பு உள்ளவை அல்ல என்பது அதனால் மாறாது. வேறு த்ரெட்டிலிருந்து ரியாக்டரைத் தொட ஒரே வழி கால்-ஃப்ரம்-த்ரெட். ரியாக்டரின் த்ரெட் குழுவில் இயல்பாக அதிகபட்சம் 10 த்ரெட்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். பதினோராவது வேலை வரிசையில் நிற்கும். டிஎன்எஸ் பெயர்த் தேடலும் இயல்பாக இதே குழுவைத்தான் நம்பியிருக்கிறது.

ரியாக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிப்ராசஸிங் மாட்யூலால் ஒரு ப்ராசஸைக் கிளப்பினால் ஏன் எல்லாம் குழம்புகிறது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மற்ற சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன.

லினக்ஸில் மல்டிப்ராசஸிங் நெடுங்காலமாக இயல்பாக ஃபோர்க்கைத்தான் பயன்படுத்தி வந்தது, அதாவது ஓடும் ப்ராசஸை (தாய்) நகலெடுத்துப் புதிய ப்ராசஸை (சேய்) உருவாக்கும் முறையை. பைத்தான் 3.14இல்தான் அது, தனியே தொடங்கிய ஒரு சுத்தமான ப்ராசஸிலிருந்து ஃபோர்க் செய்யும் ஃபோர்க்சர்வருக்கு மாறியது. ஃபோர்க் செய்தால் நினைவகம் முழுவதும் நகலாகும், ஆனால் கெர்னல் பக்கம் உள்ள பொருள்கள் நகலாவதில்லை. இரண்டு ப்ராசஸ்களும் அதே சாக்கெட், அதே பைப், அதே ஈபோல் (எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறது என்று ரியாக்டருக்குச் சொல்லும் லினக்ஸ் வசதி) மீது கை வைத்திருக்கும். பைத்தான் மட்டத்தில் இரண்டு ரியாக்டர்கள். கெர்னல் மட்டத்தில் ஒரே ஈபோல். குழப்பம் இங்கே தொடங்குகிறது.

நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். சேய் ப்ராசஸ் ஒரு புதிய இணைப்பைத் திறக்கிறது. அதற்கு எஃப்டி (திறந்த கோப்பு அல்லது சாக்கெட்டைக் குறிக்க ப்ராசஸுக்குக் கெர்னல் தரும் எண்) 12 கிடைக்கிறது. சேய் அதை ஈபோலில் பதிகிறது. ஆனால் அந்த ஈபோல் தாயுடையதும்கூட. தரவு வந்ததும் "12இல் படிக்க ஏதோ இருக்கிறது" என்ற செய்தி தாய்க்கும் போகலாம். தாயின் அட்டவணையில் 12 என்று எதுவுமே இல்லாவிட்டால், ரியாக்டர் அதைப் புறக்கணித்துவிட்டு மறுபடி ஈபோலிடம் கேட்கும். தரவு இன்னும் படிக்கப்படாததால் ஈபோல் உடனே அதே பதிலைத் தரும். கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டுப் பார்த்தால் ஈபோல்-வெயிட் நொடிக்குப் பல ஆயிரம் முறை திரும்பித் திரும்பி வருவது தெரியும். ஒரு கோர் 100 சதவீதத்தில் ஓடும், வேலை எதுவும் நடக்காது. தாயின் அட்டவணையில் 12 வேறொரு சாக்கெட்டாக இருந்தாலோ, தவறான இணைப்பைப் படிக்கப் போகும்.

தலைகீழாகவும் நடக்கும். ஃபோர்க்குக்கு முன்பே இருந்த ஒரு சாக்கெட்டைச் சேய் தன் பக்கம் "சுத்தம்" செய்ய நினைத்து ரியாக்டரிலிருந்து நீக்கினால், பொதுவான ஈபோலிலிருந்து தாயின் பதிவும் போய்விடும். தாயிடம் இணைப்பு திறந்தே இருக்கும், ஆனால் அதில் வரும் எதுவும் அதன் காதில் விழாது. எர்ரர் எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

சிக்னலிலும் இதே கதை. ரியாக்டர் தன்னை எழுப்பிக்கொள்ள ஒரு பைப் வைத்திருக்கிறது. சிக்னல் வந்தால் அதில் ஒரு பைட் எழுதப்படும். ஃபோர்க்குக்குப் பின் அந்தப் பைப் இருவருக்கும் பொது. சேய்க்கு வந்த சிக்னலின் பைட்டைத் தாய் படித்துவிட்டால் சேய் எழவே எழாது.

இத்துடன் த்ரெட்களும் சேரும். ஃபோர்க்கை அழைத்த த்ரெட் மட்டுமே சேயில் பிழைக்கும். வேறொரு த்ரெட் பிடித்திருந்த பூட்டு, விடுவிக்க ஆளின்றிப் பூட்டியபடியே சேய்க்கு வந்து சேரும். அடுத்த லாக் வரியிலேயே சேய் உறைந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பல த்ரெட்கள் உள்ள ப்ராசஸை ஃபோர்க் செய்தால் பைத்தான் 3.12இலிருந்து எச்சரிக்கை தருகிறது. அந்த எச்சரிக்கையை அடக்கிவைக்காதீர்கள்.

முதலில் ஃபோர்க் செய்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றிலும் ரியாக்டரைத் தொடங்கினால்?

கொள்கையளவில் சரி. நடைமுறையில் ஒரு கண்ணி இருக்கிறது: ரியாக்டரை இம்போர்ட் செய்வதே அதை நிறுவுவதாகும். ஈபோலும் எழுப்பும் பைப்பும் அந்த நொடியிலேயே உருவாகிவிடும். ரன் அழைக்கும் வரை காத்திருக்காது. கோப்பின் உச்சியில் இம்போர்ட் செய்துவிட்டுப் பிறகு ஃபோர்க் செய்தால் பழைய கதைதான். நீங்கள் இம்போர்ட் செய்யாவிட்டாலும் நீங்கள் அழைக்கும் ஏதோ ஒரு மாட்யூல் செய்திருக்கலாம். ஃபோர்க்குக்கு முன், இம்போர்ட் ஆனவற்றின் பட்டியலான சிஸ்.மாட்யூல்ஸில் ட்விஸ்டட்டின் ரியாக்டர் மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று சோதித்து, ஏறியிருந்தால் அங்கேயே எர்ரர் எழுப்பும் ஒரு வரியைச் சேருங்கள்.

மல்டிப்ராசஸிங்தான் வேண்டும் என்றால் ஸ்பான் முறையைத் தேர்ந்தெடுங்கள். அது புதிய பைத்தானைத் தொடங்குவதால் ரியாக்டரும் புதிதாகவே இருக்கும். ஆனால் சேயில் உங்கள் முதன்மைக் கோப்பு மறுபடி இம்போர்ட் ஆகும். சர்வரைத் தொடங்கும் வரிகள் மெயின் சோதனைக்குள் இல்லாவிட்டால் ஒவ்வொரு சேயும் சர்வரைத் தொடங்கப் பார்க்கும்.

எங்கள் பரிந்துரை எளிமையானது: ஒவ்வொரு ப்ராசஸும் புதிய நிரலாகத் தொடங்கட்டும், தனக்கென ஒரு ரியாக்டர் வைத்திருக்கட்டும், மற்றவற்றோடு ரியாக்டருக்குத் தெரிந்த பைப் அல்லது சாக்கெட் வழியாக மட்டுமே பேசட்டும். ட்விஸ்டட்டின் ஸ்பான்-ப்ராசஸ் இதற்காகவே இருக்கிறது.

ஸ்பான்-ப்ராசஸை அழைத்ததும் சேய் உடனே செத்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

சூழல் மாறிகளை நீங்கள் தராவிட்டால் சேய்க்குக் கிடைப்பது காலியான சூழல். தாயுடையது தானாகப் போகாது. பாத் இருக்காது, பைத்தான்பாத் இருக்காது, மொழி அமைப்பு இருக்காது. தாயின் சூழலே வேண்டும் என்றால் என்வ் இடத்தில் நன் (None) என்று வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது ஆர்க்ஸ் பட்டியல். அதன் முதல் உறுப்பு நிரலின் பெயர். அதை விட்டுவிட்டு நேரே ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தால், பைத்தான் அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டு, இயக்க எதுவும் இல்லாமல் உள்ளீட்டிலிருந்து நிரலை எதிர்பார்க்கும்.

மூன்றாவது, நிரலின் பாதை. பைத்தான் என்று மட்டும் எழுதாமல் சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் தரும் முழுப் பாதையைக் கொடுங்கள். விர்ச்சுவல் சூழலில் இது இன்னும் முக்கியம்.

எந்தக் காரணம் என்று அறிய, சேயின் எர்ரர் வெளியீட்டைப் பெறும் எர்-ரிசீவ்டை எழுதி, வருவதையெல்லாம் லாகில் போடுங்கள். அதை எழுதாமல் விட்டால் சேயின் கடைசி வார்த்தைகள் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சேய் எழுதுவது தாமதமாக, சில நேரம் மொத்தமாக வந்து சேருகிறது.

வெளியீடு திரைக்குப் போனால் வரிக்கு வரி வெளியேறும். பைப்புக்குப் போனால் பஃபர் நிறையும் வரை உள்ளேயே தங்கும். சேய் பைத்தான் என்றால் யூ (-u) விருப்பக்கொடியுடன் தொடங்குங்கள், அல்லது ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் ஃப்ளஷ் செய்யுங்கள். மாற்ற முடியாத வேறு நிரல் என்றால் எஸ்டிடிபஃப் வழியாக ஓட்டிப் பாருங்கள். அதற்கும் பணியாவிட்டால் போலி டெர்மினல் தரலாம், ஆனால் அப்போது எர்ரர் வெளியீடும் சாதாரண வெளியீடும் கலந்துவிடும்.

துண்டாக வருவது வேறு விஷயம். பைப் என்பது பைட் ஓட்டம். செய்தியின் எல்லை அதற்குத் தெரியாது. ஒருமுறை எழுதியது இரண்டு அவுட்-ரிசீவ்டாக வரலாம், இரண்டு முறை எழுதியது ஒன்றாகவும் வரலாம். சோதனையில் சிறிய செய்திகள் முழுதாகவே வந்து நம்மை நம்பவைக்கும். சுமை ஏறியதும் உடையும். எல்லை குறிக்கும் ஒரு நெறிமுறை தொடக்கத்திலிருந்தே வேண்டும்.

எந்த நெறிமுறை?

சேயும் ட்விஸ்டட் என்றால் அதனோடே வரும் ஏஎம்பி நெறிமுறை. கேள்வி, பதில், எர்ரர் மூன்றையும் ஜோடி சேர்த்து டிஃபர்டாக (பிறகு வரப்போகும் பதிலைக் குறிக்கும் ட்விஸ்டட் பொருள்) தந்துவிடும். ஒரு மதிப்பு 65,535 பைட்டைத் தாண்டக் கூடாது, சாவியின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. படம் போன்ற பெரிய தரவை இதில் திணிக்காதீர்கள். தற்காலிகக் கோப்பில் எழுதிப் பாதையை மட்டும் அனுப்புங்கள், அல்லது பைத்தான் 3.8இலிருந்து உள்ள பகிர்வு நினைவகத்தைப் பயன்படுத்துங்கள். ஏஎம்பி மீது கட்டப்பட்ட ஆம்பூல் என்ற நூலகம் ப்ராசஸ் குழுவையும் சேர்த்தே தருகிறது.

சேய் வேறு மொழியில் இருந்தால், நீளத்தை 4 பைட்டில் முன்னால் எழுதும் முறை எளிது. ட்விஸ்டட்டில் இதற்கு இன்ட்32-ஸ்ட்ரிங்-ரிசீவர் இருக்கிறது. அதன் இயல்பான உச்சவரம்பு 99,999 பைட். அதற்கு மேல் வந்தால் இணைப்பை வெட்டிவிடும். வரி வரியாகப் பேசுவது என்றால் லைன்-ரிசீவரின் வரிமுடிவுக் குறி இயல்பாக இரண்டு எழுத்துகள், அதாவது கேரேஜ் ரிட்டர்னும் லைன்ஃபீடும். சேயின் பிரின்ட் எழுதுவது லைன்ஃபீட் மட்டுமே. இதை மாற்ற மறந்தால் ஒரு வரியும் வந்து சேராது. 16,384 பைட் நிறைந்ததும் இணைப்பு அறுபடும்.

வெளியாட்கள் தொடக்கூடிய எந்தச் சாக்கெட்டிலும் பிக்கிளை (பைத்தான் பொருள்களைப் பைட்டுகளாக்கும் வடிவம்) அனுப்பாதீர்கள். பிக்கிளைத் திறப்பது எதிர்முனை அனுப்பிய நிரலை ஓட்டுவதற்குச் சமம்.

தாயின் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது. சேய்க்கு அனுப்பும் தரவா காரணம்?

இருக்கலாம். லினக்ஸ் பைப்பின் இயல்பான கொள்ளளவு 64 கிலோபைட். சேய் மெதுவாகப் படித்தால், அதற்கு மேல் நீங்கள் எழுதுவதெல்லாம் தாயின் நினைவகத்தில் குவியும். ரைட் அழைப்பு மறுக்காது, எச்சரிக்காது. கோப்பு போன்ற நீண்ட ஓட்டத்துக்கு ரெஜிஸ்டர்-ப்ரொட்யூசர் மூலம் அனுப்புங்கள். தேங்கினால் அதுவே நிறுத்திவைக்கும். கேள்வி-பதில் வேலைக்கு, ஒரு சேயிடம் ஒரே நேரத்தில் பதில் வராத வேலைகள் ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறுங்கள். மிச்சத்தை உங்கள் வரிசையில் வையுங்கள். அங்கே நீளத்தைப் பார்க்கலாம், எல்லை மீறினால் மறுக்கலாம்.

மல்டிப்ராசஸிங் க்யூவையோ ப்ராசஸ்-பூல்-எக்ஸிக்யூட்டரையோ ரியாக்டரோடு சேர்க்க முடியாதா?

க்யூவின் கெட் பிளாக் ஆகும், ஆகவே ரியாக்டர் த்ரெட்டில் அழைக்கவே கூடாது. டைமர் வைத்து அடிக்கடி எட்டிப் பார்ப்பது ஓடும், ஆனால் தாமதமும் வீண் சிபியுவும் இலவச இணைப்பு. நாங்கள் அதை விரும்புவதில்லை.

எக்ஸிக்யூட்டர் நல்ல வழி, ஸ்பான் சூழலைக் குறிப்பிட்டு உருவாக்கினால். வேலை முடிந்ததும் வரும் கால்பேக் பெரும்பாலும் ரியாக்டர் அல்லாத த்ரெட்டில் ஓடும். அங்கேயே டிஃபர்டை முடித்துவைத்தால் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழைகள் வரும். கால்-ஃப்ரம்-த்ரெட் வழியாகவே ரியாக்டருக்குக் கொண்டுவர வேண்டும். அசிங்க்-ஐஓ ரியாக்டரை நிறுவியிருந்தால், ரன்-இன்-எக்ஸிக்யூட்டர் தரும் ஃப்யூச்சரை டிஃபர்டின் ஃப்ரம்-ஃப்யூச்சரில் கொடுத்தாலே போதும்.

இதன் எல்லைகள் இரண்டு. ஓடத் தொடங்கிவிட்ட வேலையை ரத்து செய்ய முடியாது. ஒரு சேய் நினைவகம் போதாமல் கொல்லப்பட்டால் குழு முழுவதும் உடைந்ததாக அறிவிக்கப்படும். எக்ஸிக்யூட்டரையே புதிதாக உருவாக்க வேண்டும். டைம்அவுட் ஆனால் சேயைக் கொன்றுவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டிய வேலை என்றால் ஸ்பான்-ப்ராசஸுக்கே வாருங்கள்.

ஒரே போர்ட்டில் பல ப்ராசஸ்கள் இணைப்புகளை ஏற்க வைப்பது எப்படி?

கேட்கும் சாக்கெட்டைத் தாய் ஒருமுறை திறந்து, அதன் எஃப்டியைச் சேய்களுக்குக் கையளிப்பதுதான் உறுதியான வழி. படிகள் இவை:

1. தாயில் சாதாரண சாக்கெட் ஒன்றை உருவாக்கி, ரீயூஸ்அட்ரஸ் போட்டு, பைண்ட் செய்து, லிசன் அழைத்து, பிளாக் ஆகாத நிலைக்கு மாற்றுங்கள். லிசன்-டிசிபி வேண்டாம், அதை அழைத்தால் தாயும் இணைப்புகளை ஏற்கத் தொடங்கிவிடும். லிசனுக்குக் காத்திருப்பு வரிசையின் நீளத்தை நீங்களே கொடுங்கள். லிசன்-டிசிபியின் இயல்பு 50 மட்டுமே. கெர்னலின் உச்சவரம்பு லினக்ஸ் 5.4இலிருந்து 4096, அதற்கு முன் 128.

2. ஒவ்வொரு சேய்க்கும் ஸ்பான்-ப்ராசஸ் அழைக்கும்போது சைல்ட்-எஃப்டீஸில் 0, 1, 2 ஆகியவற்றை வழக்கமான பைப்களாகவும், 3ஐத் தாயின் சாக்கெட் எஃப்டியாகவும் குறிப்பிடுங்கள். தாயில் எந்த எண்ணாக இருந்தாலும் சேயில் எப்போதும் 3 என்றிருந்தால் சேயின் நிரல் எளிதாகும்.

3. சேயில் ரியாக்டரின் அடாப்ட்-ஸ்ட்ரீம்-போர்ட்டை 3, முகவரிக் குடும்பம், ஃபாக்டரி ஆகியவற்றோடு அழையுங்கள். அது எஃப்டியை நகல் எடுத்துக்கொள்வதால், அடுத்த வரியில் 3ஐ மூடிவிடுங்கள். மூடாவிட்டால், பிறகு ஸ்டாப்-லிசனிங் அழைத்தாலும் சேய் சாக்கெட்டை முழுதாக விட்டுவிடாது.

4. சேய் முடிந்ததைச் சொல்லும் ப்ராசஸ்-எண்டட் வந்ததும் தாய் புதிய சேயைக் கிளப்பட்டும். தொடங்கியதுமே சாகும் சேய் என்றால் 1 செகண்ட், 2, 4 என்று இடைவெளியைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு தட்டச்சுப் பிழை முழு இயந்திரத்தையும் ஃபோர்க்கிலேயே மூழ்கடிக்கும்.

சாக்கெட் ஐபிவி6 என்றால் குடும்பமும் அதுவாகவே இருக்க வேண்டும். தவறாகக் கொடுத்தால் முகவரிகள் தவறாகப் பிரிக்கப்படும். பிளாக் ஆகாத நிலை சாக்கெட்டோடு ஒட்டியது, ப்ராசஸோடு அல்ல. தாய் ஒருமுறை அமைத்தால் எல்லாருக்கும் பொருந்தும்.

இணைப்பு ஒன்று வந்தால் தூங்கிக்கொண்டிருக்கும் சேய்கள் பல ஒன்றாக விழிக்கக்கூடும். ஒருவருக்குத்தான் கிடைக்கும், மற்றவர்கள் வெறுங்கையோடு மறுபடி தூங்குவார்கள். தவறு எதுவும் நடக்காது, கொஞ்சம் சிபியு வீணாகும். லினக்ஸ் 4.5இல் வந்த ஈபோல்-எக்ஸ்க்ளூசிவ் இதைக் குறைக்கவே, ஆனால் ட்விஸ்டட்டின் ரியாக்டர் அதைப் பயன்படுத்துவதில்லை. எட்டு, பத்து சேய்கள் வரை இது பொருட்படுத்தத் தக்கதல்ல. பங்கீடு சமமாக இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்: விழித்த சேய் ஒரே மூச்சில் பல இணைப்புகளை அள்ளிக்கொள்ளும். குறுகிய கோரிக்கைகளுக்கு இது தானே சரியாகிவிடும்; மணிக்கணக்கில் நீடிக்கும் வெப்சாக்கெட் இணைப்புகளுக்கு ஆகாது.

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இயக்கும் சர்வர் என்றால் சாக்கெட்டைத் திறக்கும் வேலையை அதனிடமே விட்டுவிடலாம். அதுவும் எஃப்டிகளை 3இலிருந்துதான் தருகிறது. ட்விஸ்டட்டின் எண்ட்பாயின்ட் விவரணையில் சிஸ்டம்டி என்ற வகையே இருக்கிறது.

ரீயூஸ்போர்ட் போட்டால் இவ்வளவு சிரமம் இல்லையே?

உண்மைதான். லினக்ஸ் 3.9இலிருந்து, ரீயூஸ்போர்ட் விருப்பத்தோடு ஒவ்வொரு சேயும் அதே போர்ட்டைத் தானே திறக்கலாம். கெர்னல் இருமுனை முகவரிகளையும் போர்ட்களையும் ஹாஷ் செய்து பங்கிடும். வீண் விழிப்பு இல்லை, பங்கீடும் ஓரளவு சமமாக இருக்கும்.

விலை வேறிடத்தில். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி வரிசை. ஒரு சேய் கணக்கில் மூழ்கியிருந்தால் அதன் வரிசையில் விழுந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான், பக்கத்துச் சேய் சும்மா இருந்தாலும். சேய் செத்தால் அதன் வரிசையில் ஏற்கப்படாமல் நின்றவர்களின் இணைப்பு முறியும். லினக்ஸ் 5.14இலிருந்து அவர்களை வேறு சாக்கெட்டுக்கு மாற்றும் ஒரு கெர்னல் அமைப்பு உண்டு. அது இயல்பாக அணைந்திருக்கும். மேக்ஓஎஸில் இந்த விருப்பம் சுமையைப் பங்கிடாது. ஃப்ரீபிஎஸ்டி 12இல் இதற்கென்றே தனி விருப்பம் இருக்கிறது.

சேவையை அடிக்கடி மறுதொடக்கம் செய்பவர்களுக்குப் பகிர்ந்த சாக்கெட்டையே சொல்வோம். தாய் சாக்கெட்டைப் பிடித்திருக்கும் வரை வரிசை உயிரோடு இருக்கும். புதிய சேய்களைக் கிளப்பி, பழையவற்றை ஸ்டாப்-லிசனிங் செய்யச் சொல்லி, கைவசம் உள்ள இணைப்புகளை முடித்துக்கொண்டு போகவிடலாம். ஒருவர்கூட வெளியே தள்ளப்பட மாட்டார்.

எத்தனை சேய்கள் வைப்பது?

சிபியு வேலைக்குக் கோர் எண்ணிக்கை. தாய்க்கும் கொஞ்சம் வேலை இருந்தால் ஒன்று குறைவாக. சிபியு-கவுன்ட் தருவது இயந்திரத்தின் மொத்தம். உங்கள் ப்ராசஸுக்கு அனுமதிக்கப்பட்ட கோர்களை ஷெட்-கெட்-அஃபினிட்டி சொல்லும், பைத்தான் 3.13இல் இதற்கு ப்ராசஸ்-சிபியு-கவுன்ட் வந்தது. கன்டெய்னரின் சிபியு ஒதுக்கீட்டை இவை எதுவும் கணக்கில் எடுப்பதில்லை. 64 கோர் இயந்திரத்தில் 2 கோர் ஒதுக்கீடு உள்ள கன்டெய்னர் 64 சேய்களைக் கிளப்பித் திணறுவது சாதாரணமாக நடக்கிறது. அமைப்புக் கோப்பில் எண்ணை வெளிப்படையாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

டேட்டாபேஸையும் பெருக்கிப் பாருங்கள். ட்விஸ்டட்டின் ஏடிபிஏபிஐ குழு இயல்பாக 3இலிருந்து 5 இணைப்புகள் வரை வைத்திருக்கும். 16 சேய்கள் என்றால் உச்சத்தில் 80. போஸ்ட்கிரெஸின் இயல்பான மொத்த வரம்பு 100.

ஒழுங்காக நிறுத்துவது எப்படி? தாய் திடீரென்று செத்தால் சேய்கள் அனாதையாகின்றன.

தாயில் ஆட்-சிஸ்டம்-ஈவென்ட்-ட்ரிகர் கொண்டு, ஷட்டவுனுக்கு முந்தைய கட்டத்தில் ஒரு ஃபங்ஷனைப் பதியுங்கள். அது ஒவ்வொரு சேய்க்கும் டெர்ம் சிக்னல் அனுப்பி, எல்லாச் சேய்களும் முடிந்ததும் நிறைவேறும் ஒரு டிஃபர்டைத் திருப்பித் தரட்டும்; ரியாக்டர் அதற்காகக் காத்திருக்கும். 10 செகண்ட் போன்ற ஒரு கெடுவைக் கால்-லேட்டரில் வைத்து, அப்போதும் இருப்பவற்றுக்குக் கில் அனுப்புங்கள். அதற்குள் சேய் போயிருந்தால் ப்ராசஸ்-எக்ஸிட்டட்-ஆல்ரெடி எர்ரர் எழும். அதைப் பிடித்து விட்டுவிடலாம்.

டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் சிக்னல் தாய்க்கு மட்டும் போகாது, அந்தக் குழுவிலுள்ள எல்லாவற்றுக்கும் போகும். சேய்கள் முந்திக்கொண்டு சாகும்; தாய் அதை விபத்து என்று நினைத்துப் புதியவற்றைக் கிளப்பும். நிறுத்தம் தொடங்கிவிட்டதா என்று ஒரு கொடி வைத்து, மறுதொடக்கத்துக்கு முன் அதைப் பாருங்கள்.

தாய் கில் சிக்னலில் செத்தால் எந்தத் துப்புரவும் ஓடாது. ஆனால் சேயின் உள்ளீட்டுப் பைப் மூடப்படும். சேய் அதைக் கவனித்து, மூடியதும் தானே வெளியேறும்படி எழுதுங்கள். எந்தச் சிஸ்டத்திலும் ஓடும், கூடுதல் நூலகம் வேண்டாம். நிபந்தனை ஒன்றுதான்: அந்தப் பைப்பின் எழுதும் முனை வேறு எந்தச் சேயிடமும் கசிந்திருக்கக் கூடாது. ஸ்பான்-ப்ராசஸ் நீங்கள் பட்டியலிட்டவை தவிர மற்ற எஃப்டிகளை மூடிவிடுவதால் கவலை இல்லை. நடுவில் யாராவது வெறும் ஃபோர்க் செய்திருந்தால் கசிந்திருக்கும்.

சேய் போய்விட்டது, ஆனால் ப்ராசஸ்-எண்டட் வரவேயில்லை.

ப்ராசஸ்-எக்ஸிட்டட் வந்ததா என்று பாருங்கள். அது ப்ராசஸ் செத்ததும் வரும். ப்ராசஸ்-எண்டட் எல்லாப் பைப்களும் மூடிய பிறகே வரும். சேய் ஒரு பேரப் ப்ராசஸைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தால், அது வெளியீட்டுப் பைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். ப்ராசஸ்-எக்ஸிட்டட்டில் லூஸ்-கனெக்ஷன் அழைத்தால் தாய் தன் பக்கத்தை மூடிக்கொள்ளும்.

இரண்டுமே வரவில்லை என்றால், ரியாக்டரின் ரன்னை சிக்னல் கையாளுதல் இல்லாமல் தொடங்கியிருக்கிறீர்கள், அல்லது வேறு நூலகம் சிக்சைல்ட் கையாளியை மாற்றியிருக்கிறது. சேய் இறந்த செய்தி ரியாக்டருக்கு எட்டுவது அந்த வழியாகத்தான்.

சப்ப்ராசஸ் மாட்யூலை அங்கங்கே பயன்படுத்தலாமா?

சர்வர் தொடங்கும் முன் அமைப்பு வேலைகளுக்குத் தாராளமாக. ரியாக்டர் ஓடத் தொடங்கிய பின் ரன், கம்யூனிகேட், வெயிட் மூன்றும் அதை நிறுத்திவைக்கும். வெளியீட்டை மட்டும் எதிர்பார்க்கும் சிறு கட்டளைக்கு ட்விஸ்டட்டின் கெட்-ப்ராசஸ்-அவுட்புட் போதும். அதிலும் என்வ் இயல்பாகக் காலிதான்.

லாக் கோப்பை எல்லாச் சேய்களும் சேர்ந்து எழுதலாமா?

வேண்டாம். கோப்பு சுழலும் நேரத்தில் ஒரு சேய் பெயரை மாற்ற, மற்றவை பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். சேய்கள் எர்ரர் வெளியீட்டில் எழுதட்டும். தாய் ப்ராசஸ் எண்ணைச் சேர்த்து ஒரே கோப்பில் எழுதட்டும். இங்கும் துண்டாக வரும் என்பதை நினைவில் வைத்து, வரி முடிந்த பிறகே எழுதுங்கள்.

எந்தச் சேய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு சேயிலும் 0.1 செகண்டுக்கு ஒருமுறை ஓடும் லூப்பிங்-கால் ஒன்றை வைத்து, தான் ஓட வேண்டிய நேரத்துக்கும் ஓடிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து தாய்க்கு அனுப்புங்கள். எங்களைக் கேட்டால், சிபியு சதவீதத்தைவிடப் பயனுள்ள எண் இது. சிபியு 60 சதவீதமாக இருக்கும்போதே இந்தத் தாமதம் அரை செகண்டைத் தொடலாம். பயனர் உணர்வது அதைத்தான். முழுதாக உறைந்த சேய்க்கு, ஃபால்ட்-ஹேண்ட்லர் மாட்யூலில் ஒரு பயனர் சிக்னலை முன்பே பதிந்து வையுங்கள். அந்தச் சிக்னலை அனுப்பினால் எந்த வரியில் நிற்கிறது என்று எர்ரர் வெளியீட்டில் கொட்டும். ரியாக்டர் அடைபட்டிருந்தாலும் இது ஓடும், ஏனென்றால் அது ரியாக்டரின் முறைக்காகக் காத்திருப்பதில்லை.

விண்டோஸில் இவை ஓடுமா?

ஸ்பான்-ப்ராசஸ் ஓடும், ஆனால் சைல்ட்-எஃப்டீஸ் கொடுத்தால் ஏற்காது. ஆகவே மேலே சொன்ன சாக்கெட் கையளிப்பு அப்படியே நடக்காது. ஃபோர்க் இல்லை என்பதால் ஃபோர்க் தொல்லைகளும் இல்லை. எக்ஸிக்யூட்டரில் அதிகபட்சம் 61 சேய்கள் வைக்கலாம். இணைப்புகளைப் பங்கிட வேண்டும் என்றால் ஒவ்வொரு சேயையும் தனி உள் போர்ட்டில் வைத்து, முன்னால் ஒரு ப்ராக்ஸியை நிறுத்துங்கள்.